இம்பீரியலில் ஆட்டம் தொடரும்

இதனால் ஹெர் ஹிட்லர் உள்ளிட்ட சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: ஐரோப்பாவில் எத்தனை தலைநகரங்கள் விழுந்தாலும் வெல்டன் கிரீன் இம்பீரியல் அரங்கில் ஆட்டம் தொடரும். தினமும் மாலை ஐந்தரை மணி. விமானத் தாக்குதல் நேர்ந்தால், ஆபத்து நீங்கிய சங்கு ஊதும்வரை மேடை ஒரு நிமிடமும் காலியாக இராது. நச்சுப்புகை முகமூடியை மடியிலேயே வைத்துக்கொள்ளவும். மேல்மாடிப் பெருமக்கள் தின்று முடித்த சிப்பி ஓடுகளைக் கீழ்வரிசைக்காரர்கள் தலையில் போடலாகாது. இப்படிக்கு, ஹெக்டர் போக்சன், நிர்வாகி.

1940 அக்டோபரில் இந்த அறிவிப்பைப் போக்சன் தன் கையாலேயே வாசல் கண்ணாடியில் ஒட்டப் போனார். கண்ணாடி முந்தைய வாரமே உடைந்து விழுந்துவிட்டது. அதற்குப் பதிலாக அடித்திருந்த பலகையில் ஒட்டினார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். பெர்லினில் யாராவது இதைப் படித்துக் காட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

லண்டனின் தென்கிழக்கு மூலையில், டிராம் வண்டி இதற்குமேல் போவானேன் என்று திரும்பிவிடுகிற இடம் வெல்டன் கிரீன். அங்கே போருக்கு முன்பு இம்பீரியல் ஒரு அரங்கு. போர் வந்த பிறகு, போக்சனின் கணக்கில், அது ஒரு கோட்டை. டிக்கெட் கிழிக்கும் மூன்று கிழவர்களை 'என் படை' என்றுதான் குறிப்பிடுவார். மாலையானால் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் வில் டை, தலையில் இரும்புத் தொப்பி. அந்தத் தொப்பியை யாருக்காவது வணக்கம் சொல்லக் கழற்றும்போது மட்டும் ஒரு சத்தம் கேட்கும், சமையலறையில் சட்டி விழுந்த மாதிரி.

கோட்டைக்கு இப்போது ஆபத்து வந்திருந்தது. ஜெர்மனியிலிருந்து அல்ல, நகரசபையிலிருந்து.

குண்டு விழுந்த வீடுகளிலிருந்து மீட்ட அலமாரி, கட்டில், பியானோ எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் தார்ப்பாய்க்குக் கீழே நனைந்துகொண்டிருந்தன. அவற்றை அடுக்கப் பெரிய கூரை வேண்டும். ஊரில் அப்படிப்பட்ட கட்டடம் இரண்டுதான். ஒன்று இம்பீரியல். மற்றது நகரசபையின் மூத்த உறுப்பினர் ஆல்டர்மேன் கிம்பிளின் சொந்தக் கிடங்கு. எனவே நகரசபை இம்பீரியலைப் பற்றித் தீவிரமாக யோசித்தது.

கிம்பிள் சவப்பெட்டிக்குப் பித்தளைக் கைப்பிடி செய்து விற்கிறவர். 'போர் எதிர்பார்த்ததைவிட நல்லாவே போயிட்டிருக்கு' என்று சொன்ன ஒரே ஆள் ஊரில் அவர்தான். மீட்கப்பட்ட மரச்சாமான் குழுவுக்கும் அவரே தலைவர், மக்கள் மன உறுதிக் குழுவுக்கும் அவரே தலைவர். இரண்டு குழுவும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து யோசித்ததில் ஒரு முடிவு வந்தது. கிம்பிள் புதன்கிழமை இம்பீரியலுக்கு நேரில் வருவார். மக்களின் மன உறுதிக்கு இந்த அரங்கு இன்றியமையாததா என்று பார்ப்பார். ஆம் என்றால் ஆட்டம். இல்லை என்றால் அலமாரி.

போக்சன் பதினான்கு வயதில் இதே அரங்கின் படிக்கட்டில் நிகழ்ச்சித் தாள் விற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, திங்கட்கிழமைகளில் புது ஆட்டக்காரர்கள் வருவதால் நேரம் கிடைக்கவில்லை. தங்குவதும் மாடியில் அலுவலக அறைக்குப் பின்னால்தான். இம்பீரியல் போனால் அவருக்கு வேலையும் போகும், படுக்கையும் போகும், அந்த இரும்புத் தொப்பியைப் போட்டுக்கொள்ள ஒரு காரணமும் போகும்.

அந்த வாரம் நோட்டீசின் உச்சியில், கால் முழ உயர எழுத்தில் இருந்த பெயர் மேஜர் லயோனல் ஃபேன்ஷா. ஆட்டத்தின் பெயர் 'பிரிட்டனின் நான்கு வீரர்கள்'. மேஜைக்குப் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி. அதிலிருந்து தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு சிலுவைப்போர் அரசர், கடற்படைத் தளபதி, பாலைவனத்து ஜெனரல் என்று ஒவ்வொருவராக மாறுவார். கடைசியில் சிங்கத்தோலைப் போர்த்திக்கொண்டு பிரிட்டிஷ் சிங்கமாகவே ஆகிவிடுவார். நான்கு பேரும் சாவார்கள். சாகச் சாகக் கைதட்டல் ஏறும். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். மேஜர் எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை. ஃபேன்ஷா என்பதும் சொந்தப் பெயர் அல்ல; அப்பா ஸ்டப்ஸ் இரும்புக் கடை வைத்திருந்தார். ஆனால் இந்தப் பன்னிரண்டு நிமிடத்தைக் கொண்டு பத்தொன்பது வருடம் ஓட்டிவிட்டார். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒரு ஊர் என்று போகிறவனுக்கு ஒரே சரக்கு போதும். திரும்பி வருவதற்குள் பார்த்தவர்கள் மறந்திருப்பார்கள் அல்லது செத்திருப்பார்கள்.

நோட்டீசின் அடியில், அச்சகத்தின் விலாசத்துக்குச் சற்று மேலே, அதைவிடச் சிறிய எழுத்தில் ஃப்ளோரி ஸ்பிங்க். ஐம்பது வயதுப் பாட்டுக்காரி. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"ஏங்க போக்சன், என் பேரு இதுல எங்க இருக்கு?" என்று புதன்கிழமை மாலை அவள் கேட்டாள். "கண்ணாடி போட்டும் தெரியலியே. பூதக்கண்ணாடி ஒண்ணு டிக்கெட்டோட சேத்துக் குடுத்துருங்களேன்."

"ஃப்ளோரி, இன்னிக்கு ஆல்டர்மேன் வர்றாரு. தயவுசெஞ்சு அந்த மாமியார் பாட்டு வேணாம்."

"அந்தப் பாட்டு இல்லன்னா மேல்மாடி என்னைத் தூக்கி வெளிய போட்டுரும், கண்ணு. வேற நூறு பாட்டு இருக்கு. ஆனா எல்லாத்துலயும் ஏதாவது ஒரு மாமியார் வந்துர்றா."

மேஜர் தன் அறையிலிருந்து தலையை நீட்டினார். மீசையில் பாதிக்குத்தான் மெழுகு தடவியிருந்தது.

"போக்சன், ஒப்பந்தத்துல பதினோராவது ஷரத்து ஞாபகம் இருக்கில்ல? நோட்டீசுல எனக்குக் கீழ பேர் போட்ட யாரும் எனக்கப்புறம் மேடை ஏறக் கூடாது. சிங்கம் செத்த பிறகு ஒரு பொம்பளை வந்து மாமியார் பாட்டுப் பாடினா, சிங்கத்துக்கு மரியாதை என்னாகுறது?"

"சிங்கம் செத்துருச்சே, அதுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஃப்ளோரி.

உச்சிப் பெயருக்குப் பிறகு எவரும் மேடை ஏறுவதில்லை என்பது இம்பீரியலில் மட்டுமல்ல, எல்லா அரங்கிலும் உள்ள வழக்கம்தான். மேஜர் அதை எழுத்திலும் வாங்கி வைத்திருந்தார். போக்சன் என்றும் வழக்கத்தை மீறியவர் அல்ல. "ஞாபகம் இருக்கு மேஜர்" என்று தொப்பியைக் கழற்றினார். சட்டி விழுந்தது.

ஐந்தரைக்கு அரங்கில் பாதி நிறைந்திருந்தது. போக்சன் அதை 'பெருந்திரள்' என்று ஆல்டர்மேனிடம் வர்ணித்தபடி பக்கவாட்டு மாடத்துக்கு அழைத்துப் போனார். கிம்பிள் உட்கார்ந்ததும் நாற்காலி முனகியது. அவர் கோட்டுப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். அதில் காகிதக் கத்தை ஒன்று இருந்தது.

"மன உறுதியப் பத்தி ஒரு சின்ன உரை எழுதி வச்சிருக்கேன். நகரசபையில பேச நேரம் குடுக்க மாட்டேங்கறாங்க," என்றார் வருத்தமாக.

"அவங்க குடுத்து வச்சது அவ்வளவுதான் சார்," என்றார் போக்சன். புகழ்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

ஃப்ளோரி வந்தாள், மாமியாரைப் பாடினாள், மேல்மாடி ஊளையிட்டது. கிம்பிள் சிரிக்கவில்லை. அவருடைய மாமியார் அவரோடுதான் இருந்தார். அடுத்து நாய் வித்தை, சைக்கிள் வித்தை. கடைசியாக மேஜர். பாலைவனத்து ஜெனரல் செத்துக்கொண்டிருந்தபோது மேடை ஓரத்தில் 'எச்சரிக்கை' என்ற சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே சைரன் அழுதது. சிங்கம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகச் செத்தது.

போக்சன் மேடையில் தோன்றினார். இந்தக் கட்டத்துக்காகவே அவர் கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்திருந்தார்.

"சீமான்களே, சீமாட்டிகளே! எதிரி தலைக்கு மேல வந்துட்டான். போறவங்க போகலாம். இருக்கிறவங்களுக்கு, சங்கு ஊதுற வரைக்கும் இம்பீரியல்ல ஆட்டம் தொடரும்!"

யாரும் எழவில்லை. எழுந்தால் தெருக்கோடியிலுள்ள பதுங்கு அறைக்குத்தான் போகவேண்டும். அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கைதட்டினார்கள். மாடத்தில் கிம்பிள் ஆமோதித்துத் தலையை அசைத்தார். இதோ, கோட்டை தப்பிவிட்டது என்று போக்சன் நினைத்தார்.

மேஜரிடம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் குடுங்க மேஜர்," என்றார் கிசுகிசுப்பாக.

"இன்னும் கொஞ்சம்னா?"

"ஏதாவது. வேற வீரர்கள்."

மேஜரின் முகத்தில் மெழுகு மட்டும்தான் அசையாமல் இருந்தது. "நாலு பேர்தான்யா இருக்காங்க. பெட்டியில மூணு தொப்பியும் ஒரு தோலும்தான் இருக்கு."

நான்கு பேரும் மறுபடி செத்தார்கள். தூரத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கி இடித்தது. கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து கடற்படைத் தளபதியின் தோளில் பனிபோல் படிந்தது. அது நன்றாகவே இருந்தது என்று பலரும் சொன்னார்கள். சங்கு ஊதவில்லை. மூன்றாவது முறை தொப்பியை எடுத்தபோது, மேல்மாடி அவரோடு சேர்ந்து வசனம் சொல்ல ஆரம்பித்தது.

"'என் வாளை என் மகனிடம் கொடு...'" என்றார் மேஜர், முழங்காலிட்டு.

"'...என் இதயத்தை இங்கிலாந்திடம் கொடு!'" என்றது மேல்மாடி. அதில் ஒருத்தி, "பூட்ஸை எங்கிட்ட குடு, என் புருஷனுக்கு அந்த அளவுதான்!" என்றாள்.

"மேஜர், செத்தது போதும், எந்திரிங்க! சளி புடிச்சுக்கும்!"

"யோவ், இந்தத் தடவை ஒருத்தனையாவது பொழைக்க விடுய்யா!"

மேஜர் சிங்கத்தோலை இழுத்துக்கொண்டு மேடை ஓரத்துக்கு வந்து டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். வாத்தியக் குழுவில் போருக்குப் போகும் வயது தாண்டி மிச்சமிருந்த மூன்று பேர் ஏதோ வால்ட்ஸ் மெட்டு வாசித்துச் சமாளித்தார்கள்.

"என்னால முடியாது. உயிரே போனாலும் முடியாது," என்றார் மேஜர். இன்றைக்குப் பன்னிரண்டு முறை உயிர் போனவர் சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

"தேசிய கீதத்தை வாசிக்கச் சொல்லட்டுமா?" என்றார் போக்சன்.

"வாசிச்சா ஆட்டம் முடிஞ்சதுன்னு எல்லாரும் எந்திரிச்சுருவாங்க. அறிவு இருக்கா உனக்கு?"

ஃப்ளோரி ஏற்கெனவே கோட்டு மாட்டிக்கொண்டு நின்றாள். இப்போது அதைக் கழற்றினாள். "தள்ளுங்க. நான் போறேன். விடியிற வரைக்கும் பாடுவேன், எனக்கென்ன."

"பதினோராவது ஷரத்து," என்றார் மேஜர், தலையைத் தூக்காமல்.

"அட, தலைக்கு மேல குண்டு போடறான்! ஷரத்து பேசறீரே!"

"அம்மா, இங்கிலாந்து எதுக்குப் போராடுது? ஒப்பந்தத்தை மதிக்கத்தான் போராடுது. போலந்துக்குக் குடுத்த வாக்கு. எனக்குக் குடுத்த வாக்கும் அப்படித்தான்."

போக்சன் கைகளைப் பிசைந்தார். ஃப்ளோரி மேடையேறினால் அரங்கு குலுங்கும். அது அவருக்குத் தெரியும். ஆனால் உச்சிக்குப் பிறகு அடி என்பது, தொப்பியை மாட்ட வேண்டிய இடத்தில் செருப்பை மாட்டுவது போல. முப்பத்தைந்து வருடத்தில் அவர் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. தவிர, இன்று மாடத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு மாமியார் பாட்டுப் பிடிக்கவில்லை என்பதையும் கவனித்திருந்தார். மாடம்! அவருக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது.

"மேஜர், நோட்டீசுல உங்களுக்குக் கீழ பேர் போட்டவங்கதான வரக் கூடாது?"

"ஆமா."

"நோட்டீசுலயே பேர் இல்லாதவங்க?"

மேஜர் யோசித்தார். ஷரத்தை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அதைப் பத்தி ஒப்பந்தத்துல ஒண்ணும் இல்ல."

"அய்யோ போக்சன், வேணாம்," என்றாள் ஃப்ளோரி. போக்சன் அதற்குள் படியில் பாதி ஏறிவிட்டார்.

ஆல்டர்மேன் கிம்பிளை வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. போக்சன் 'ஒரு சில வார்த்தைகள்' என்று வாயெடுப்பதற்குள் காகிதக் கத்தை கைக்கு வந்துவிட்டது. மேடை விளக்குகள் முகத்தில் அடிக்க, அவர் நடு மேடையில் நின்று தொண்டையைச் செருமினார். எதிரே அவருக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டு. அந்த இருட்டில் வெல்டன் கிரீன் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார்.

"பெருமதிப்பிற்குரிய வெல்டன் கிரீன் வாழ் பெருமக்களே! மன உறுதி என்பது யாது? மன உறுதியை நான் ஒன்பது கூறுகளாகப் பகுத்துள்ளேன். முதற்கூறு, வரலாறு. உரோமானியர் காலம் தொட்டு..."

உரோமானியர்கள் இங்கிலாந்தைவிட்டுப் போவதற்கே நெடுநேரம் ஆனது. மேல்மாடியில் ஒருவன் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டான்.

"எங்கய்யா போற?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"வெளிய."

"குண்டு விழுதுய்யா!"

"அது ஒரு தடவைதான் விழும்."

பக்கத்தில் இருந்தவன் அதை எடை போட்டுப் பார்த்தான். பிறகு அவனும் எழுந்தான். அதற்குப் பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். வெல்டன் கிரீன்வாசிகள் மரியாதை தெரிந்தவர்கள்; யாரும் கத்தவில்லை, ஏசவில்லை, சிப்பி ஓடுகூட எறியவில்லை. நுனிக்காலில் நடந்தார்கள். 'மன்னிக்கணும்', 'காலை எடுங்க', 'ரொம்ப நன்றிம்மா' என்று காற்றைப் போல மெல்லச் சொல்லிக்கொண்டு, முகமூடிப் பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, வானத்திலிருந்து இரும்பு கொட்டிக்கொண்டிருந்த தெருவுக்குப் போனார்கள். அந்த இலையுதிர்காலம் முழுக்க ஜெர்மன் விமானப்படையால் செய்ய முடியாததை உரோமானியர்கள் செய்துவிட்டார்கள்.

போக்சன் வாசலுக்கு ஓடினார். தன் படை மூன்று பேரையும் கதவுக்குக் குறுக்கே நிறுத்தப் பார்த்தார். படையும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தது.

"எங்க போறீங்க எல்லாரும்? வெளிய தாக்குதல் நடக்குது! பதுங்கு அறையில தண்ணி!"

"எதிர்த்த மதுக்கடை நிலவறையைத் திறந்துட்டாங்களாம்," என்றாள் பூட்ஸ் கேட்டவள். "ஃப்ளோரி அங்க பாடப் போறாளாம். நீங்களும் வாங்க சார். உங்களுக்குத்தான் இரும்புத் தொப்பி வேற இருக்கே."

தெருவின் நடுவில், தேடுவிளக்குகளின் வெளிச்சத்தில், ஃப்ளோரி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கும்பலுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். "ஒப்பந்தத்துல நிலவறை இல்ல, கண்ணு!" என்று போக்சனுக்குக் கை காட்டினாள். அவள் பின்னால், சிங்கத்தோலைப் போர்த்தியபடியே மேஜர். குளிருக்கு அது இதமாக இருந்திருக்க வேண்டும்.

போக்சன் போகவில்லை. மேடை காலியாக இராது என்று அவர் கையெழுத்துப் போட்டு ஒட்டியிருந்தார். மேடையும் காலியாக இல்லை; அரங்குதான் காலி. அவர் திரும்பி வந்து முதல் வரிசையில், இரும்புத் தொப்பியோடு, ஒற்றை ஆளாக உட்கார்ந்து கேட்டார். நாலாம் கூறு, உருளைக்கிழங்கைத் தோலோடு உண்பது. ஆறாம் கூறு, மேன்மக்கள் முன்மாதிரியாக இருத்தல். இடையிடையே போக்சன் கைதட்டினார். அதைப் பெருந்திரளின் கைதட்டலாகக் காட்ட, காலாலும் தரையில் தட்டினார். எதிர்ப்புறத்து நிலவறையிலிருந்து, தெரு மட்டத்துக் கம்பிச் சாளரம் வழியாக, ஐந்நூறு தொண்டைகள் மாமியாரைப் பாடுவது கேட்டது. கிம்பிள் ஒருமுறை நிறுத்தி, "என்ன சத்தம்?" என்றார்.

"எதிரி விமானம் சார்," என்றார் போக்சன்.

ஒன்பதாம் கூறு முடிவதற்கும் ஆபத்து நீங்கிய சங்கு ஊதுவதற்கும் சரியாக இருந்தது. அரங்கு விளக்குகள் எரிந்தன. கிம்பிள் கண்களைச் சுருக்கிப் பார்த்தார். சிவப்பு வெல்வெட் இருக்கைகள் கடைசி வரிசைவரை மடங்கிக் கிடந்தன.

"எல்லாரும் எங்க?"

"போய்ட்டாங்க சார்."

"எப்ப?"

"மொதல் கூறுலயே... ரெண்டாவதுல மிச்சப் பேரு."

"குண்டு விழுந்துட்டு இருக்கும்போதா?"

"ஆமா சார்."

"ஓடினாங்களா? அலறினாங்களா?"

பொய் சொன்னால் தப்பிக்கலாமா, உண்மை சொன்னால் தப்பிக்கலாமா என்று போக்சனுக்குத் தெரியவில்லை. "இல்ல சார். மெதுவாத்தான் நடந்து போனாங்க. சிரிச்சுக்கிட்டே போனாங்க. சார், உண்மையச் சொல்லிடறேன். அவங்க போனதுக்குக் காரணமே உங்க பேச்சுதான்."

ஆல்டர்மேன் கிம்பிளின் முகம் விரிந்தது. கண்ணில் நீர்கூடக் கோத்துக்கொண்டது. அவர் குனிந்து போக்சனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அதைத்தான்யா நானும் சொல்ல வந்தேன்! மொதல் கூறு கேட்டதுமே பயம் போயிருச்சு பாரு! குண்டு மழையில சிரிச்சுக்கிட்டே நடந்து போயிருக்காங்க! நாட்டுல வேற எந்த ஊர்ல நடக்கும் இது?"

"அப்ப... இம்பீரியல் சார்?"

"இனிமே எதுக்குய்யா இம்பீரியல்? இவ்வளவு நெஞ்சுரம் உள்ள ஜனங்களுக்குப் பாட்டும் கூத்தும் குடுத்தா அது அவமானம் இல்லையா? குழுவுல நாளைக்கே சொல்லிடறேன். ஒண்ணும் கவலைப்படாத, உன்னை நான் மறக்க மாட்டேன்."

அவர் மறக்கவில்லை. மீட்கப்பட்ட மரச்சாமான் கிடங்கின் காவலராகப் போக்சனை நகரசபை நியமித்தது; மாடி அறையிலேயே படுத்துக்கொள்ளவும் அனுமதித்தது. முதல் வாரத்தில் மேஜை, நாற்காலி, கட்டில், பதினொரு பியானோ எல்லாம் கீழ்வரிசையிலும் மேடையிலும் அடுக்கப்பட்டன. கறுப்புக் கோட்டு, வில் டை, இரும்புத் தொப்பியோடு போக்சன் வாசலில் நின்றார்.

சனிக்கிழமை பிற்பகல், வீடிழந்தவர்கள் தங்கள் சாமான்களை அடையாளம் காட்ட வந்தார்கள். அந்த வருடம் இம்பீரியல் நிரம்பியது அன்று ஒரு நாள்தான்.